முப்பத்தெட்டுப் பேர்

பிரேமளாவுக்குப் பொந்தியான் என்ற ஊரைக் காகிதத்தில் நன்றாகத் தெரியும். ஜோகூர் பாருவில் நில அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவள். அதில் பத்தொன்பது வருடம் அவள் மேசைக்கு வந்ததெல்லாம் பொந்தியான் கோப்புகள்தான். பெனுட், ஆயர் பாலோய், செர்காட், ரிம்பா தெர்ஜூன் என்று அந்த மாவட்டத்து ஊர்ப் பெயர்களை எத்தனை தடவை தட்டச்சு செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. எந்தக் கடை எந்தத் தெருவில், எந்தத் தெரு கடலில் போய் முடிகிறது என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த அந்த ஊருக்கு அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. அங்கே அவளுக்கு யாருமில்லை. கூட்டிப் போகவும் யாருமில்லை.

வயது அறுபத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் இருந்தவரை அவர்களைப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் போனபின் அந்த வீட்டில் தனியாக இருந்தாள். ஒரே தம்பி விஜயேந்திரன் கடல் கடந்து பெர்த்தில் குடும்பத்தோடு இருந்தான். தெரிந்தவர்கள் அவளைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "மிஸ் பிரேமளா தங்கமான ஆளு. யாருக்கும் ஒரு தொந்தரவு கெடையாது." அதைப் பாராட்டு என்றுதான் அவளும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கோயிலின் மூத்தோர் மன்றம் ஒரு சனிக்கிழமை பொந்தியானுக்கு ஒருநாள் சுற்றுலா போடுகிறது என்று வந்து சொன்னவள் திலகம். பக்கத்துத் தெருவில் இருப்பவள், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"வாங்கக்கா. நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்துக்கலாம். பேசிக்கிட்டே போலாம்."

பிரேமளா அன்றே பெயர் கொடுத்தாள். வெயிலுக்கென்று ஒரு தொப்பி வாங்கினாள். பழைய கோப்புகளைப் பற்றித் திலகத்திடம் என்னென்ன சொல்லலாம் என்றுகூட இரண்டு மூன்று நாள் யோசித்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை அவள் பஸ்ஸில் ஏறியபோது திலகத்தின் பக்கத்தில் வேறொரு அம்மாள் இருந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இவங்க என் நாத்தனார். குளுவாங்ல இருந்து நேத்துதான் வந்தாங்க. தனியா விட முடியல."

"பரவால்ல திலகம். நான் பின்னாடி ஒக்காந்துக்கறேன்."

கடைசிக்கு முந்தின வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் யாரோ தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மன்றத் தலைவர் கமலநாதன் கழுத்தில் விசிலோடு நடுவழியில் வந்தார். முன்பு பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். ஒவ்வொரு தலையாக விரலால் சுட்டி எண்ணிக்கொண்டே பின்வரிசைவரை போய்த் திரும்பினார்.

"முப்பத்தெட்டு! சரி, போலாம்!"

பஸ் கிளம்பியது. முன்னால் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. பிரேமளா ஜன்னல் பக்கம் திரும்பி, செம்பனை மரங்கள் முடிந்து அன்னாசித் தோட்டங்கள் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பொந்தியான் அவளுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. ஜோகூர் பாருவின் இரைச்சலை வைத்துப் பார்த்தால் இங்கே யாரோ சத்தத்தைக் குறைத்து வைத்தது போலிருந்தது. இரண்டு மாடிக் கடை வீடுகள், மேலே நீல நிற மரச் சன்னல்கள், கடை வாசல்களை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் கூண்டுக்குள் ஒரு குருவி. தெருமுனையில் கடல். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருக்க, பளபளத்த சேற்றில் சின்னச் சின்ன மீன்கள் துடுப்பை ஊன்றி நடந்துகொண்டிருந்தன.

மதியம் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் பிரேமளா வழக்கம்போல எழுந்து இலைகளை எடுத்தாள். பிறகு மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, சமைத்த பெண்களோடு பாத்திரம் கழுவினாள். "நீங்க எதுக்கும்மா?" என்றார்கள். "இருக்கட்டும்" என்றாள். உள்ளே கமலநாதனின் விசில் கேட்டது. ஏதோ பேசினார், கை தட்டினார்கள். குழாய்ச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழை மேகம் வருகிறது, பஸ் நாலரைக்குப் பதிலாக நாலு மணிக்கே கிளம்பும் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். இது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கை துடைத்துக்கொண்டு அவள் வந்தபோது கும்பல் கும்பலாகப் பிரிந்து கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். அவளும் தொப்பியைப் போட்டுக்கொண்டு தனியாக நடந்தாள்.

ஒரு கடையைத் தேடிப் போனாள். இரண்டு சகோதரர்கள் ஒரு கடைவீட்டுக்காக ஏழு வருடம் சண்டை போட்ட கோப்பு ஒன்று ஒருகாலத்தில் அவளிடம் இருந்தது. அண்ணன் வந்தால் தம்பியைத் திட்டுவார். தம்பி வந்தால் அவள் மேசையின் முன்னால் உட்கார்ந்து அழுவார். கடைசியில் இருவரும் ஒரே நாளில் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கடையின் மனை எண் இன்னும் அவளுக்கு நினைவிருந்தது. மூன்றாவது தெருவில், வலதுபக்கம், முனையிலிருந்து ஐந்தாவது. எண்ணிக்கொண்டே போனாள். இருந்தது. இப்போது அது முடிதிருத்தும் கடை.

அவள் வாசலில் நின்றாள். 'இதுதான் அந்தக் கடை, ஏழு வருஷம் இதுக்காகத்தான் அடிச்சுக்கிட்டாங்க' என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வாய்வரை வந்தது. திரும்பிப் பார்த்தாள். தெருவில் ஒரு பூனை படுத்திருந்தது. உள்ளேயிருந்த மலாய்க்காரப் பையன் கத்திரிக்கோலைக் காட்டி, "போத்தோங், ஆன்ட்டி?" என்றான். முடி வெட்ட வேண்டுமா என்று கேட்கிறான். அவள் சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள்.

கடலோரக் கார் நிறுத்துமிடத்துக்கு அவள் திரும்பியபோது மணி நாலு இருபது. பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட திருப்தியோடு பார்த்தாள். பஸ் நின்ற இடம் காலியாக இருந்தது.

இடம் மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு சுற்று நடந்து பார்த்தாள். அதே மரம், அதன் கீழே குடை விரித்த அதே ஒட்டுக்கடை. காலையில் கும்பலே அந்தக் கடையில்தான் வடை வாங்கித் தின்றது. கடைக்காரப் பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எண்ணெய்ச் சட்டியை மூடிக்கொண்டே கேட்டாள்.

"யாரத் தேடறீங்கக்கா? அந்தப் பெரிய பஸ்ஸா? அது நாலு மணிக்கே போயிருச்சே."

பிரேமளாவின் முகம் சூடாகியது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்தாள். அந்த நேரத்தில் வாயில் வந்தது இதுதான்.

"தெரியும். நான் அந்த பஸ் இல்ல. என்னைக் கூப்பிட தம்பி மகன் வர்றான்."

"அப்படியா. அப்ப நெழல்ல ஒக்காருங்க" என்று அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் பெயர் காளியம்மா. வார நாட்களில் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் சமையல், சனி ஞாயிறு இந்தக் கடை.

பிரேமளா கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கமலநாதன் எண் இருக்கிறது. திலகத்தின் எண் இருக்கிறது. கூப்பிட்டால் பஸ் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். ஆனால் முப்பத்தேழு பேரும் திரும்பி வர வேண்டும். எல்லோரும் ஜன்னல் வழியாக அவளைப் பார்ப்பார்கள். 'ஐயோ பாவம், நேரம் தெரியாம எங்கயோ போயிட்டாங்க' என்பார்கள். அவர்களே கூப்பிடட்டும் என்று இருந்தாள். இதோ இப்போது கவனித்துவிடுவார்கள். பெக்கான் நானாஸில் அன்னாசி வாங்க நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஏறும்போது எண்ணுவார்கள் அல்லவா?

ஐந்து மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. அவசரமாக எடுத்தாள். அழைப்பு இல்லை, மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். அன்னாசிக் கடைக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கமலநாதன் எழுதியிருந்தார்: 'முப்பத்தெட்டுப் பேரும் சுகம். இறைவன் அருளால் இனிய பயணம்.' அதற்கு அடுக்கடுக்காகக் கைகூப்பிய படங்கள் வந்து விழுந்தன.

பிரேமளா படத்தை விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாக எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். முப்பத்தெட்டுதான். திலகத்தின் நாத்தனாருக்குப் பக்கத்தில் பச்சை நிறப் பஞ்சாபி உடையில் ஒரு பெண் நின்றாள். காலையில் அந்தப் பெண் பஸ்ஸில் இல்லை. பொந்தியானிலிருந்து யாரோ சொந்தக்காரப் பெண் ஜோகூர் பாரு போக பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். கணக்கு சரியாகிவிட்டது.

மழை வரவில்லை. மேகம் கடலின்மேல் அப்படியே நின்றது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து கரைச்சுவரில் உட்கார்ந்தார்கள். ஒரு சீனத் தம்பதி தங்களைப் படமெடுத்துத் தரும்படி கைப்பேசியை நீட்டினார்கள், எடுத்துக் கொடுத்தாள். அடுத்து ஒரு மலாய்க் குடும்பமும் கேட்டது. அவர்களுக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள். குழுவில் 'நான் இன்னும் பொந்தியானில்தான் இருக்கிறேன்' என்று எழுதினாள். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

தான் வீட்டுக்குள் விழுந்து கிடந்தால் எத்தனை நாள் ஆகும் என்று அப்போது தோன்றியது. விஜயேந்திரன் மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான். எடுக்காவிட்டால், வேலையாக இருப்பாள் என்று விட்டுவிடுவான். திலகம் கோயிலில் பார்க்கவில்லை என்றால், மேல் சரியில்லை போல என்பாள். அவள் பயப்படவில்லை. நிதானமாக, கோப்பைப் புரட்டுவது போல, ஒவ்வொருவராக யோசித்தாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

"இந்தாங்கக்கா, தே குடிங்க." காளியம்மா தேநீர் கிளாஸை நீட்டினாள். "உங்க தம்பி மவன் எங்கேருந்து வர்றாரு?"

"ஜேபியிலேருந்து" என்றாள் பிரேமளா. ஜோகூர் பாருவை அங்கே எல்லோரும் சுருக்கி அப்படித்தான் சொல்வார்கள்.

"சனிக்கெழம ஜாம் அடிக்கும் லா. வந்துருவாரு."

ஆறு மணிக்குக் காளியம்மா சாமான்களைக் கூடையில் அடுக்கினாள். அடுப்பை அணைத்தாள், மேசையைத் துடைத்தாள், குடையை மடக்கினாள். எல்லாம் முடிந்தபிறகும் போகாமல் இன்னொரு நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க கெளம்புங்க. நான் இருந்துக்கறேன்" என்றாள் பிரேமளா.

"எப்படிக்கா? இருட்டப் போவுது. உங்க ஆளு வரட்டும்."

காளியம்மாவின் கைப்பேசி ஒலித்தது. அவள் கணவர் செல்லப்பன். "இல்லங்க, இப்ப வர முடியாது. இங்க ஒரு அக்கா தனியா ஒக்காந்திருக்காங்க. அவங்களக் கூப்பிட ஆளு வந்ததும் வர்றேன். நீங்க சோத்தப் போட்டுச் சாப்பிடுங்க."

பிரேமளா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வராத ஒரு பையனுக்காக, காலையிலிருந்து அடுப்பு முன்னால் நின்ற ஒருத்தி வீட்டுக்குப் போகாமல் காத்திருக்கிறாள்.

"காளியம்மா, யாரும் வரல."

"வந்துருவாருக்கா, கொஞ்சம் பொறுங்க."

"இல்லம்மா. தம்பி மகன் பெர்த்ல இருக்கான். நான் அந்த பஸ்லதான் வந்தேன். விட்டுட்டுப் போயிட்டாங்க. யாருக்கும் தெரியல."

காளியம்மா நாற்காலியைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தாள்.

"அலமாக்! நாலு மணிலேருந்தா? ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சே. யாருமே போன் அடிக்கலையா?"

"அடிக்கல."

"நீங்க அடிச்சீங்களா?"

பிரேமளா கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லா இருக்கே கத! வாய் இருக்கு, போன் இருக்கு. அடிச்சு நாலு வார்த்த கேளுங்க. இல்ல குடுங்க, நான் கேக்கறேன்."

"வேணாம், நானே பேசறேன்."

கமலநாதனின் எண்ணை அழுத்தினாள். மணி ஆறு நாற்பது. மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் டிவி சத்தம் கேட்டது.

"ஹலோ, மிஸ் பிரேமளா! சொல்லுங்க. வீட்டுக்கு நல்லபடியா போய்ச் சேந்தீங்களா? ட்ரிப் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றாள் பிரேமளா. "சேந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழைப்பை முடித்துவிட்டாள். காளியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை திட்டவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எதுக்குக்கா பொய் சொன்னீங்க?"

"பழக்கம்" என்றாள் பிரேமளா. அப்போதுதான் அழுகை வந்தது. தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுதாள். காளியம்மா தோளைத் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எதிரே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏழு மணிக்கு ஜேபி பஸ் ஒண்ணு இருக்கு. வேணும்னா நான் கொண்டுபோய் ஏத்தி விடறேன்" என்றாள். "நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

பஸ்ஸில் போய்விடலாம். ஒன்பது மணிக்குள் வீடு. யாருக்கும் தெரியாது, யாருக்கும் தொந்தரவில்லை. திங்கட்கிழமை கோயிலில் பார்க்கும்போது திலகம், "நல்லா இருந்துச்சுல்ல?" என்பாள். தானும் ஆமாம் என்று சொல்வாள்.

பிரேமளா முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கமலநாதனைக் கூப்பிட்டாள்.

"மிஸ்டர் கமலநாதன். நான் வீட்டுல இல்ல. பொந்தியான்ல இருக்கேன். காலைல பஸ் நின்ன எடத்துல. நீங்க என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. "என்ன சொல்றீங்க? நான் எண்ணினேனே. முப்பத்தெட்டு…"

"அதுல நான் இல்ல."

"கடவுளே. மிஸ் பிரேமளா, ஐயோ, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ஏன் அப்பவே சொல்லல? இப்ப… அங்கேருந்து பஸ் இருக்கா? நான் வேணா ஒரு கிராப் கார் புக் பண்ணி…"

"வேணாம். நீங்க வாங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க. நான் இங்கேயே இருக்கேன்."

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய கார் வந்தது. திலகமும் கூட இருந்தாள். கதவைத் திறந்த வேகத்தில் அவள் ஓடி வந்து பிரேமளாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பின்னாடி தூங்கறீங்கன்னு நெனச்சேங்க்கா! சத்தியமா!" கமலநாதன் வீட்டில் போடும் செருப்போடு வந்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் காளியம்மா முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நீங்கதான் தலைவரா? பாத்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க. தலைய எண்ணுனீங்களே, மூஞ்சியப் பாத்தீங்களா?"

"தப்புதாம்மா" என்றார் கமலநாதன். தலைமையாசிரியராக இருந்த மனிதர் பள்ளிப் பிள்ளையைப் போலத் தலை குனிந்து நின்றார்.

"என்கிட்ட சொல்லி என்னா? அவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் சொன்னார். பிரேமளா, பரவாயில்லை என்று சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்த அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "சரி, போலாம்" என்றாள். காளியம்மாவின் கையைப் பிடித்து, அவள் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

முன் இருக்கைகளில் இருவரும், யார் சொல்லியிருக்க வேண்டும், யார் பார்த்திருக்க வேண்டும் என்று ஒருவரையொருவர் மெதுவாகக் குறை சொல்லிக்கொண்டு வந்தார்கள். பின்னால் பிரேமளா இருட்டில் ஓடும் அன்னாசித் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெக்கான் நானாஸ் விளக்குகள் தெரிந்ததும், "எனக்குப் பசிக்குது. எங்கயாவது நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினார்கள். அவள் இரண்டு தோசை சாப்பிட்டாள். அவசரப்படவில்லை. எதிரே இருவரும் ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்போது, ஏழு வருடம் வழக்கு நடந்த அந்தக் கடைவீட்டைப் பற்றிச் சொன்னாள். திலகம் கேட்டாள். கமலநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததை மறைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை திலகம் கூப்பிட்டாள். "சும்மாதாங்க்கா, எப்படி இருக்கீங்கன்னு கேக்கலாம்னு." அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டாள். மூன்றாவது வாரமும். குற்ற உணர்ச்சியில் கூப்பிடுகிறாள் என்று பிரேமளாவுக்குத் தெரியும். ஆனாலும் சனிக்கிழமைகளில் பத்து மணிக்குமேல் அவள் கைப்பேசியைச் சமையலறைக்கும் கையோடு எடுத்துப் போனாள்.

நாலாவது சனிக்கிழமை அழைப்பு வரவில்லை. பதினொன்றாகியது. பன்னிரண்டாகியது. மறந்திருப்பாள், அதில் தப்பொன்றும் இல்லை என்று துணி மடிக்கத் தொடங்கினாள். இரண்டு துண்டுகளை மடித்து வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள்.

"திலகம், நான்தான். இன்னிக்கு நீ கூப்பிடல."

"ஐயோ அக்கா! மறந்தே போயிட்டேன். வீட்டுல பேரப்பிள்ளைங்க வந்திருக்காங்க, ஒரே கலாட்டா."

"தெரியும். அதான் நான் அடிச்சேன்."

பிறகு திலகம் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள். பிரேமளா எண்ணெய் ஒன்றின் பெயர் சொன்னாள். ஆறேழு நிமிடம் பேசியிருப்பார்கள். பிள்ளைகள் எதையோ உடைத்த சத்தம் கேட்டது, "அப்புறம் பேசறேங்க்கா" என்று திலகம் வைத்துவிட்டாள்.

வீடு மறுபடியும் அமைதியாக இருந்தது. மணி பன்னிரண்டே கால். பிரேமளா கொஞ்ச நேரம் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு காளியம்மாவின் எண்ணைத் தேடி எடுத்தாள். சனிக்கிழமை, கடையில் கூட்டமாக இருக்கும். எண்ணெய்க் கையோடு எடுக்க முடியாமல் திட்டுவாள். திட்டட்டும் என்று அழுத்தினாள்.